கிழக்கே இருந்து வந்த தண்ணீர்

1965 ஜூன் மாதக் கடைசி. பீளமேட்டில் கோமளா வேலை பார்த்த கல்லூரி திறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் விடுமுறைத் தூசு படிந்த ஜாடிகளை அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒருவர் பிஸ்கட் டின் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்து நின்றார். மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்திருந்தது. அப்படியும் நாற்றம் வந்தது.

"ஏனுங்க டீச்சரம்மா, நான் மெஹராஜோட அத்தாங்க" என்றார்.

மெஹராஜ் அவளிடம் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண். அவள் தகப்பனார் பஷீருக்குக் கோட்டைமேட்டில் கருவாட்டுக் கடை. மாதம் ஒரு தடவை பொன்னானிக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவார் என்று மெஹராஜ் எப்போதோ சொல்லியிருந்தாள். கோமளா முக்காலியை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"இதுக்குள்ளாற என்னங்க?"

"கடல்பன்னிக் கொழுப்புங்க. உங்க புஸ்தகத்துல டால்பின்னு போட்டிருக்குமாமா. உப்புப் போட்டுக் கொண்டாந்தேன். இதுல என்ன கலந்திருக்குதுன்னு நீங்க பாத்துச் சொல்லோணும்."

பிறகு நின்றபடியே சொன்னார். பொன்னானியில் ஆறு கடலில் சேரும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு டால்பின்கள் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். மீன் பிடிக்கிறவர்கள் அவற்றைத் தொடுவதில்லை. இந்த வருஷம் முதல் மழைத் தண்ணீர் ஆற்றில் இறங்கியபோது, செம்மண் நிறத்தில் வர வேண்டியது வெள்ளையாக வந்தது. மறுநாள் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அவற்றைத் தின்ற டால்பின்களில் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாகக் கரை ஒதுங்கின. டின்னில் இருப்பது அதில் ஒன்றின் கொழுப்பு.

"அங்கத்த சனங்க அதைக் கிழக்கன் வெள்ளம்ங்கறாங்க. கிழக்கன்னா நம்ம பக்கமுங்க" என்றார்.

கோமளா டின்னை வாங்கி மேஜைமேல் வைத்தாள். அவர் போகாமல் நின்றார்.

"இன்னொண்ணு இருக்குதுங்க. தாய் ஒண்ணு. அது சாவலை. அதோட குட்டிதான் செத்துப்போச்சு. செத்த குட்டியை மூக்குல தாங்கித் தாங்கி மேல கொண்டாருது. மூச்சு உடறதுக்குத் தூக்கியுடுதாம். குட்டி நழுவி உள்ள போயிரும். இது முங்கி மறுக்கா எடுத்துட்டு வரும். நாலு நாளு நான் அங்க இருந்தேன், நாலு நாளும் அதே வேலை. நான் பஸ் ஏறப்பவும் தூக்கிட்டுத்தான் இருந்துச்சு." தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செத்த மீனை வெச்சுப் பொழைக்கறவனுங்க நான். எனக்கே சோறு எறங்க மாட்டீங்குது."

"அந்தத் தண்ணி என்ன வாசம் அடிச்சுதுன்னு சொன்னாங்களா?"

பஷீர் யோசித்தார். "சீமெண்ணெயில பூச்சி உருண்டையக் கரைச்சாப்பலைன்னு சொன்னாங்க."

அந்த வாசனை அவளுக்குத் தெரியும். பத்து வருஷமாகத் தெரியும்.

*

அவளுடைய அண்ணன் சென்னகிருஷ்ணனுக்குக் கிணத்துக்கடவுக்கு மேற்கே பருத்தித் தோட்டம். அப்பா இறந்தபோது கோமளாவுக்குப் பதினொரு வயது, அண்ணனுக்கு இருபத்தைந்து. ஐம்பத்து நாலில் காய்ப்புழு விழுந்து அந்தப் பக்கத்துப் பருத்தி மொத்தமும் போயிற்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் கிணற்றில் விழுந்து செத்தார். மறு வருஷம் சென்னகிருஷ்ணன் மெட்ராஸுக்குப் போய் பூச்சிமருந்துக்கு ஏஜென்சி எடுத்து வந்தார். தோட்டத்தின் மேல்கோடியில் ஒரு தகர ஷெட் போட்டார். டிரம்மில் வருகிற எண்ட்ரின் மருந்தைச் சின்னத் தகரப் புட்டிகளில் அடைத்துச் சுற்றுவட்டார விவசாயிகளுக்குக் கொடுத்தார். பருத்தி திரும்ப வெடித்தது. ஜனங்கள் அவரை வழியில் நிறுத்திக் கும்பிட்டார்கள். கோமளா எம்.எஸ்ஸி. வரை படித்தது அந்த ஷெட்டால்தான். விடுதிக்கு அவளைப் பார்க்க வரும்போதெல்லாம் அண்ணனின் சட்டைக் காலரிலிருந்து அந்த வாசனை வரும். அதை அவள் வீட்டு வாசனை என்றே நினைத்திருந்தாள்.

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் ஓடுகிறது. வருஷத்தில் எட்டு மாதம் வெறும் மணல்தான். மழை பெய்தால் மேற்கே ஓடி, பாலக்காட்டு ஆறுகளோடு சேர்ந்து, பொன்னானியில் கடலில் விழும். சின்ன வயதில் அவள் அதில் காகிதத் தோணி விட்டிருக்கிறாள். அது எங்கே போகும் என்று அப்போது யாரும் யோசித்ததில்லை.

கொழுப்பில் இருக்கும் விஷத்தைப் பிரித்துச் சொல்ல அந்த ஆய்வுக்கூடத்தில் கருவி எதுவும் கிடையாது. ஈயை வைத்துப் பார்க்கிற முறை ஒன்று அவளுக்குத் தெரியும். கொழுப்பை ஈதரில் கரைத்து வடிகட்டினாள். அதைக் கண்ணாடி ஜாடியின் உட்புறம் பூசி, ஈதர் ஆவியாகப் போகும்வரை காத்திருந்தாள். இன்னொரு ஜாடியில் கசாப்புக் கடையில் வாங்கிய ஆட்டுக் கொழுப்பை அதேபோலப் பூசினாள். கேன்டீன் பின்புறம் பிடித்த ஈக்களை ஜாடிக்கு முப்பதாக விட்டு, மல் துணியால் வாயைக் கட்டினாள்.

ஆட்டுக் கொழுப்பு ஜாடியில் ஈக்கள் சாயங்காலம் வரை ஊர்ந்துகொண்டிருந்தன. மற்ற ஜாடியில் ஒரு மணி நேரத்தில் கால்கள் நடுங்க ஆரம்பித்தன. அதன்பின் மல்லாந்து விழுந்து, முதுகைத் தரையில் வைத்துச் சுழன்றன. சிறகு கண்ணாடியில் மோதும் சத்தம் மெல்லிய ரீங்காரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த வகுப்புக்கு வந்த பெண்கள், "என்னங்க மிஸ் சத்தம்?" என்று கேட்டார்கள். அவள் ஜாடியைக் கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்தாள். கதவைச் சாத்திய பிறகும் கேட்டது.

மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் அப்படியே.

*

ஞாயிற்றுக்கிழமை காலை பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போனாள். முதல் நாள் நல்ல மழை. பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. பாலத்தில் நின்று பார்த்தாள். ஏதோ ஒன்று சரியில்லை என்று மட்டும் பட்டது. என்னவென்று பிடிபடச் சற்று நேரமானது. தவளை கத்தவில்லை. மழை பெய்த மறுநாள் காது அடைக்கிற அளவுக்குக் கத்துகிற பள்ளம் அது. பாலத்துக்கு மேலேயும் கீழேயும் நடந்து பார்த்தாள். தண்ணீர் போகிற சலசலப்பைத் தவிர எதுவும் இல்லை. நாணலில் கொக்குகூட உட்கார்ந்திருக்கவில்லை.

சென்னகிருஷ்ணன் ஷெட் வாசலில் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் எழுந்தார்.

"வா அம்மணி. சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கறே? அண்ணி இட்டிலி வேக வெச்சிருக்கறா, மொதல்ல ஊட்டுக்குப் போ."

"அண்ணா, வைகாசியில டிரம்மு ஏதாச்சும் கொட்டுனீங்களா?"

அவர் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார். "ஆமா. பழைய சரக்கு இருவது டிரம்மு. தெளிஞ்சு தண்ணி தனியா மருந்து தனியா நின்னுபோச்சு. கம்பெனி ஆள் வந்து பாத்தான். திருப்பி எடுக்க மாட்டோம், மண்ணுல பொதைச்சுப்போடுங்கன்னான். பள்ளத்து மணல்ல குழி வெட்டி ஊத்தி மூடிப்போட்டோம். ஏன்?"

அவள் சொன்னாள். வெள்ளைத் தண்ணீர், மீன், மூன்று டால்பின்கள், ஈக்கள். தாய் தூக்கிக்கொண்டு திரியும் குட்டியை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சென்னகிருஷ்ணனின் முகம் சிவந்தது. "இங்கிருந்து பொன்னானி எங்க கெடக்குது? நடுவுல எத்தனை தோட்டம், எத்தனை வயலு. எல்லாரும் இதைத்தான அடிக்கறான்? என்னோடது மட்டும் நடந்து போச்சா அங்க?"

"எல்லாரும் அடிக்கறதுதானுங்கண்ணா. ஆனா இருவது டிரம்மை ஒரே மழையில யாரும் அனுப்பலை."

"அப்ப என்னையக் கொலைகாரன்ங்கறே. உன்னையப் படிக்க வெச்சது இதைச் சொல்றதுக்குத்தான்."

கோமளாவுக்கு அழுகை வந்தது. அதை அண்ணன் பார்க்கக் கூடாது என்று பள்ளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பியபடியே, "தவளை கத்துதான்னு கேட்டுப் பாருங்க" என்றாள்.

அவர் பள்ளத்தின் விளிம்புவரை போய்க் காது கொடுத்துக் கேட்டார். சென்னகிருஷ்ணன் ஷெட்டுக்குள் போனார். வெளியே வந்தபோது செருப்பு மாட்டியிருந்தார்.

"நான் பாக்கோணும். கூட்டிட்டுப் போ" என்றார்.

*

திங்கட்கிழமை போத்தனூரில் ரயில் ஏறினார்கள். பஷீரும் கூட வந்தார். குற்றிப்புரத்தில் இறங்கிப் பஸ் பிடித்துப் பொன்னானி போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். மழை விட்டு வெயில் அடித்தது. மழைக்காலத்தில் வள்ளங்கள் கடலுக்குள் போவதில்லை. ஆற்றுமுகத்துக்கு உட்புறமாகச் சின்னத் தோணி மட்டும் விடுவார்கள். பஷீருக்குப் பழக்கமான அவறான் என்ற மீன்காரர் அவர்களை ஏற்றிக்கொண்டார். அறுபது வயதிருக்கும். இவர்கள் யார் என்று அவர் கேட்கவில்லை.

"இன்னும் இருக்குதா?" என்று மட்டும் கேட்டார் பஷீர்.

அவறான் தலையசைத்தார். துடுப்பைத் தூக்கி மணல்திட்டின் பக்கம் காட்டினார்.

முதலில் கோமளாவுக்கு எதுவும் தெரியவில்லை. கலங்கல் தண்ணீரில் வெயில் கூசியது. பிறகு ஒரு சத்தம். யாரோ பக்கத்தில் நின்று நெஞ்சிலிருந்து முழு மூச்சையும் ஒரே ஊதலாக ஊதியதுபோல. சாம்பல் நிற முதுகு ஒன்று வளைந்து எழுந்தது. அதன் மூக்கின்மேல் ஒரு பொருள் கிடந்தது. குட்டி என்று சொன்னால்தான் தெரியும். தோல் உரிந்து வெளுத்துவிட்டது. வால் பாதிதான் இருந்தது. தாய் அதை மேலே தூக்கிப் பிடித்தது. அது சரிந்து தண்ணீருக்குள் போனது. தாய் மூழ்கியது.

கோமளா எண்ணிப் பார்த்தாள். இருபது எண்ணுவதற்குள் மறுபடி ஊதல். மறுபடி அந்த வெளுத்த பொருள் மேலே வந்தது.

தோணி அசையாமல் நின்றது. தாய் அவர்களைக் கண்டு விலகிப் போகவில்லை. ஒரு தடவை தோணியின் பக்கவாட்டிலேயே எழுந்தது. சென்னகிருஷ்ணன் உட்கார்ந்திருந்த பக்கம். கை நீட்டினால் தொடலாம். ஊதிய மூச்சின் ஈரம் அவர் முகத்தில் தெறித்தது. அழுகின நாற்றம் அடித்தது. அவர் முகத்தைத் துடைக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

அவறான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், பிறகு இரண்டு விரலை.

"ஏதாச்சும் திங்குதா?"

பஷீர்தான் பதில் சொன்னார். "இதைத் தாங்கிட்டே இருக்கறப்ப எப்படிங்க திங்கும்?"

கரைக்குத் திரும்பும்போது சென்னகிருஷ்ணன் அவறானிடம், "அந்தத் தண்ணி எங்க தோட்டத்துல இருந்துதான் வந்துது" என்றார். பஷீர் திடுக்கிட்டுப் பார்த்தார். அதுவரை அவருக்கும் தெரியாது. அவர் அதை மலையாளத்தில் சொல்லத் தயங்கினார். அவறானுக்குப் புரிந்துவிட்டது. துடுப்பை நிறுத்தாமல் சென்னகிருஷ்ணனை ஒரு முறை பார்த்தார். ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாருங்க?"

"அடுத்த மழைக்கும் வருமான்னு கேக்கறாருங்க" என்றார் பஷீர்.

*

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் சென்னகிருஷ்ணன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெங்கடலட்சுமி, அவர் மனைவி, பள்ளத்தைத்தான் தோண்டப் போகிறார் என்று நினைத்தாள். அவர் போனது பழனியாத்தாள் வீட்டுக்கு.

பழனியாத்தாள் ஷெட்டில் டிரம் கழுவுகிறவள். காலியான டிரம்களை இத்தனை வருஷமாக அவர் வேலைக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தவருக்கும் சும்மா கொடுத்து வந்தார். கல்யாணம், கிரகப்பிரவேசம் என்றாலும் ஒரு டிரம் போகும். எல்லா வீட்டு வாசலிலும் தண்ணீர் அதில்தான் நின்றது. பழனியாத்தாள் அதிலிருந்து மொண்டு பேத்திக்கு முகம் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பழனியாத்தா, அந்தத் தண்ணியக் கீழ ஊத்து."

"ஏனுங்க சாமி? நல்லா மூணு தண்ணி உட்டுக் கழுவிப்போட்டுத்தானுங்க புடிச்சோம்."

"ஊத்துன்னா ஊத்து. வேற பானை வரும்."

அவள் ஊற்றவில்லை. அவரே கவிழ்த்தார். கடப்பாரையால் டிரம்மின் அடியில் ஓங்கிக் குத்தினார். குழந்தை பயந்து அலறியது. பழனியாத்தாள் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு நின்றாள். எஜமானருக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் அவளுக்குப் பட்டது.

அன்றைக்கு ஒன்பது வீடு. அந்த வாரம் நாற்பது. சிலர் சண்டைக்கு வந்தார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற ஆள் என்றார்கள். ஒரு வீட்டில் டிரம்முக்குள் நெல் இருந்தது. இன்னொரு வீட்டில் டிரம் தண்ணீரை ஊற்றி மோர் கடைந்துகொண்டிருந்தார்கள். அங்கே அவர் கடப்பாரையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். அந்த வீட்டு அம்மாள் ராசம்மாள், "ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று அவருக்கே ஒரு டம்ளர் மோர் எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கிக் குடித்தார். கோமளா பின்னால் கேட்டபோது, "அவங்கெல்லாம் குடிக்கறாங்க, நான் எப்படி வேண்டாம்ங்கறது" என்றார்.

பள்ளத்து மணலை அதற்குப் பிறகுதான் தோண்டினார். கரையிலிருந்து தள்ளி மேட்டில் செங்கல் வைத்து, சிமெண்ட் பூசி, மூடி போட்ட தொட்டி ஒன்று கட்டினார்கள். குழி இருந்த இடத்து மணலை இரண்டு ஆள் ஆழத்துக்கு வாரி, மாட்டு வண்டியில் ஏற்றி அதில் கொட்டினார்கள். நெடி தாங்காமல் ஆட்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டார்கள். எவ்வளவு தோண்டினாலும் அடியிலிருந்து வெள்ளையாக ஊறியது. ஆவணிவரை அந்த வேலை நடந்தது. ஏஜென்சியை விட்டார். பருத்திக்குப் பதிலாகத் தோட்டத்தில் நிலக்கடலை போட்டார்.

புரட்டாசியில் பக்கத்து ஊரில் வேறொருவர் ஏஜென்சி எடுத்துக் கடை திறந்தார். பருத்தி விதைத்தவர்கள் அங்கே போனார்கள். அவர்களைக் குறை சொல்லவும் வழி இல்லை. புழு விழுந்த காயைப் பார்த்தவர்கள் அவர்கள்.

கோமளா தான் செய்ததையும் பார்த்ததையும் எழுதி அரசாங்கத் துறைகள் இரண்டுக்கு அனுப்பினாள். ஒன்றிலிருந்து பதில் வரவில்லை. மற்றதிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்கள் கடிதம் கிடைத்தது, பொருள் பரிசீலனையில் உள்ளது. அதை நான்கு தடவை படித்தாள். அடுத்த வாரம் இன்னொரு கடிதம் எழுதினாள். அண்ணன் பெயரை எந்தக் கடிதத்திலும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டாம் என்று சென்னகிருஷ்ணனே சொல்லியிருந்தார்.

*

தை மாதத்தில் ஒருநாள் வெங்கடலட்சுமி கல்லூரிக்கே வந்தாள். நாத்தனாரைத் தேடி அவள் பீளமேடு வந்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணனுக்கு ஏதோ கேக்குதாம்மா" என்றாள். "பட்டப்பகல்ல. மோட்டரு நின்னா தண்ணிக் கொழாயில ஒரு காத்து வருமில்ல, உஸ்ஸுன்னு? அதைக் கேட்டா அப்படியே நின்னுபோறாரு. பக்கத்துத் தோட்டத்துல மருந்தடிக்கறவன் பம்பு அடிச்சாலும் அப்படித்தான். காட்டுல நட்ட நடுவுல நின்னுக்கிட்டு வெரலை மடக்கி எண்ணறாரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. என்ன எண்ணறீங்கன்னு கேட்டா, மேல வருதான்னு பாக்கறேங்கறாரு. எது மேல வரோணும் கோமளா?"

கோமளா முதல்முறையாக அந்தத் தாயைப் பற்றி அவளிடம் சொன்னாள்.

"எனக்கு இது முன்னமே தெரிஞ்சிருந்தா நானும் கூடப் போயிருப்பேன்" என்றாள் வெங்கடலட்சுமி. "தனியா உட்டுப்போட்டேன் அவரை."

தாய் டால்பின் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. பஷீர் பொன்னானியில் விசாரித்துச் சென்னகிருஷ்ணனுக்கு எழுதியிருந்தார். பதினேழாம் நாளோ பதினெட்டாம் நாளோ அது குட்டி இல்லாமல் தெரிந்ததாம். அதன் பிறகு ஆற்றுமுகத்தில் அதை ஒருவரும் பார்க்கவில்லை. மற்றவையும் குறைந்துபோயின. முன்பு பன்னிரண்டு எண்ணிய இடத்தில் நான்கோ ஐந்தோ.

அந்தக் கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. மீன் குறைந்ததால் பெரிய வலைகளை ஆற்றுமுகத்தை அடைத்துக் கட்டுகிறார்கள், டால்பின் அதில் மாட்டிக்கொள்கிறது என்று. வலையை அறுத்தால் பிழைக்கும். ஆனால் வலை போனால் மீன்காரன் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் அறுக்க யாருக்கும் மனசு வருவதில்லை.

சென்னகிருஷ்ணன் படித்துவிட்டு அன்றைக்கே பீளமேடு வந்தார். மில்லில் தெரிந்தவரைப் பிடித்து, வலை பின்னுகிற முறுக்கு நூல் இரண்டு பொதி எடுத்து ரயிலில் போட்டார். டால்பினுக்காக யார் வலையை அறுத்தாலும் அவருக்கு அவறான் வீட்டிலிருந்து நூல் கிடைக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு. காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. முதல் வருஷம் இரண்டு பேர் பொய் சொல்லி நூல் வாங்கியதாக அவறான் வருத்தப்பட்டார். "வாங்கீட்டுப் போகட்டும்" என்றார் சென்னகிருஷ்ணன்.

ஒவ்வொரு ஆனியிலும் முதல் மழை இறங்குகிற வாரம் அவர் பொன்னானியில் இருப்பார். வெங்கடலட்சுமியும் போவாள். கிழக்கன் வெள்ளம் வருகிற நாளில் ஆற்றங்கரையில் நின்று, தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். செந்நிறமாக வந்தாலும் குனிந்து அள்ளி மோந்து பார்ப்பார். மேலே உள்ள தோட்டங்களிலிருந்து கொஞ்சம் வந்துகொண்டுதான் இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

*

அறுபத்தெட்டு ஜூனில் கோமளாவும் போயிருந்தாள். மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும், அவறானின் மருமகன் ஓடி வந்தான். வலையில் ஒன்று மாட்டியிருக்கிறது.

தோணியில் அவறானும் சென்னகிருஷ்ணனும் கோமளாவும் போனார்கள். வலைக்கயிறு டால்பினின் வாலையும் ஒரு பக்கத் துடுப்பையும் சுற்றி இறுக்கியிருந்தது. மூச்சுக்கு மேலே வர முடியாமல் அது தண்ணீருக்குள்ளேயே திமிறிக்கொண்டிருந்தது. சென்னகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நீச்சல் கிணற்று நீச்சல்தான். நெஞ்சளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் அதன் தலையை அடியிலிருந்து தாங்கித் தூக்கினார். அவறான் மறுபுறம் கத்தியால் அறுத்தார்.

அது மூச்சு விடவில்லை. சென்னகிருஷ்ணன் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று கோமளாவுக்குத் தெரிந்தது. அவர் தூக்கியபடி நின்றார். அலை வந்து மோதியபோது கை நழுவியது. மறுபடி தாங்கினார். பதினெட்டு, பத்தொன்பது என்று அவர் சத்தமாகவே சொன்னார்.

அது ஊதியது. ஈரம் அவர் முகமெல்லாம் தெறித்தது. உடனே இழுத்து மூச்சு வாங்கி, இன்னொரு முறை ஊதியது. கடைசிக் கயிறு அறுந்ததும் வால் ஒரு அடி அடித்தது. சென்னகிருஷ்ணன் பின்னால் விழுந்தார். எழுந்து பார்க்கும்போது அது மணல்திட்டைத் தாண்டியிருந்தது.

அவரைத் தோணியில் ஏற்ற இரண்டு பேரும் சிரமப்பட்டார்கள். கைமூட்டு சிராய்ந்து ரத்தம் வந்தது. நனைந்த வேட்டியோடு உட்கார்ந்து நடுங்கினார். கோமளா தன் சேலைத் தலைப்பால் அவர் தலையைத் துவட்டினாள்.

"பொழைச்சுப்போச்சுங்கண்ணா" என்றாள்.

"ம்."

"நல்லாப் போயிருச்சு. பாத்தீங்களா?"

"எம்பட மொகத்துக்கு நேரா கண்ணை வெச்சுப் பாத்துச்சு அம்மணி" என்றார். "ரொம்பப் பக்கத்துல. அதுக்கு என்னைய யாருன்னு தெரியலை."

அதற்குப் பிறகு அவர் அழுதார். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான். அவறான் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, முடிகிறவரை தோணியைத் தண்ணீரின் போக்கில் விட்டார்.

அந்த வருஷம் ஆற்றுமுகத்தில் ஆறு டால்பின்களை எண்ணினார்கள். குட்டி எதுவும் இல்லை. கோமளாவின் கடிதங்களுக்கு, எழுத ஆரம்பித்த ஐந்தாம் வருஷம், மீன்வளத்துறையிலிருந்து ஒரு இளம் அதிகாரி நேரில் வந்தார். ஒரு நாள் முழுக்க அவளிடம் குறிப்பு எடுத்தார். கிணத்துக்கடவுப் பள்ளத்தில் தண்ணீரும், பொன்னானியில் சேறும் புட்டிகளில் எடுத்துக்கொண்டு போனார். முடிவு வர நாளாகும் என்றார். சென்னகிருஷ்ணன் அவருக்குச் சிமெண்ட் தொட்டியைக் காட்டினார். மூடியில் விரிசல் விட்டிருந்த இடத்தைத் தானே சுட்டிக்காட்டி, மழைக்கு முந்தி அதைப் பூசிவிட வேண்டும் என்று சொல்லி, அன்று மாலையே சிமெண்ட் வாங்கக் கிணத்துக்கடவுக்குக் கிளம்பிப் போனார்.